பாஸ்க் மக்கள் எங்கிருந்து வந்தாங்க? அவங்க மொழிக்கும் தமிழுக்கும் சொந்தம் உண்டா?

கேள்வி: மேடம், நான் ஸ்பெயின்ல விட்டோரியா-கஸ்தெய்ஸ் நகரத்துல மொழியியல் எம்.ஏ. படிக்கிறேன், சொந்த ஊர் திண்டுக்கல். ரூம்மேட் வட ஸ்பெயின்ல பிஸ்காயா மாகாணத்து பாஸ்க் பையன் (ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில பிரனீஸ் மலையோட மேற்குப் பக்கம் வாழற மக்கள்). அவன் பாட்டி "நாங்க எங்கிருந்தும் வரல, குகையில சித்திரம் வரைஞ்சவங்களோட பிள்ளைங்க நாங்க, ரோமானியன்கூட எங்க மண்ணுல கால் வைக்கல"ன்னு சொல்றாங்க. எங்க சித்தப்பா ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல அனுப்பின வீடியோவுல, பாஸ்க் மொழி தமிழ்ல இருந்து பிரிஞ்சு போனதுன்னு அடிச்சு சொல்றாங்க. நானும் 80 வார்த்தைக்கு லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன், அம்மா - அமா, ஊர் - உரி, இந்த மாதிரி. இதையே ஆய்வேடா எழுதலாமா? அடுத்த மாசம் டாபிக் கொடுக்கணும். உண்மையில இவங்க யாரு, எங்கிருந்து வந்தாங்க?

பதில்: தம்பி, டாபிக் கொடுக்க நாள் நெருங்கிடுச்சுன்னு எழுதியிருக்கறதால முதல்ல அதுக்கு நேரா பதில் சொல்லிடறேன். அந்த 80 வார்த்தையை வச்சு ரெண்டு மொழியும் ஒரே குடும்பம்னு ஆய்வேடு எழுதாதீங்க, அது நிக்காது, வைவால முதல் கேள்வியிலயே விழுந்துடும். ஆனா தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் எவுஸ்கராவை (அவங்க மொழிக்கு அவங்க வச்சிருக்க பேர் அதுதான்) கிட்டப் போய் பார்த்தா எழுத உருப்படியா வேற விஷயம் இருக்கு, அதை கடைசியில சொல்றேன்.

இந்த விஷயத்துல குழப்பம் எங்க ஆரம்பிக்குதுன்னா, மக்கள் எங்கிருந்து வந்தாங்கங்கறதையும் மொழி எங்கிருந்து வந்துச்சுங்கறதையும் ஒரே கேள்வியா கேக்கறதுலதான். ஜீன் பெத்தவங்ககிட்ட இருந்து மட்டும்தான் வரும், மொழி அப்படி இல்ல, அக்கம்பக்கத்துல இருந்து வரும், ஆட்சி மாறினா வரும், சந்தையில வரும், கல்யாணத்துல வரும். பாஸ்க் விஷயத்துல இந்த ரெண்டும் தனித்தனி பாதையில போகுது, பாட்டியும் சித்தப்பாவும் ரெண்டையும் ஒண்ணா முடிச்சு போட்டுட்டாங்க.

பாட்டி சொல்றதை லேசா எடுத்துக்காதீங்க, 20-ம் நூற்றாண்டுல பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. 1940-கள்ல ரத்த குரூப் ஆராய்ச்சி பண்ணவங்க பாஸ்க் மக்கள்கிட்ட ஆர்.ஹெச். நெகட்டிவ் ரொம்ப அதிகமா இருக்கறதை கவனிச்சாங்க, ஐரோப்பாவுல பொதுவா 15 சதவீதம் பக்கம்னா இவங்ககிட்ட அது 30 சதவீதத்தை ஒட்டி வருது, உடனே ஆர்தர் மூரண்ட் மாதிரி ஆட்கள் இவங்க பழைய ஐரோப்பாவோட மிச்சமா இருக்கணும்னு எழுதினாங்க. போதாக்குறைக்கு பாஸ்க் நாட்டுல கிபுஸ்கோவா மாகாணத்துல எக்காயின் குகை, பிஸ்காயாவுல சாந்திமாமிஞே குகை, உள்ள குதிரையும் காட்டெருமையும் வரைஞ்சு வச்சிருக்காங்க, எல்லாம் 10,000 வருஷத்துக்கு மேல பழசு, அப்போ வரைஞ்சவங்க நம்ம பாட்டன் முப்பாட்டன்தான்னு நினைக்கறது இயல்புதானே.

பழைய எலும்புல இருந்து டி.என்.ஏ. எடுக்க ஆரம்பிச்சதும்தான் படம் மாறுச்சு. வட ஸ்பெயின்ல பர்கோஸ் ஊர் பக்கத்துல அட்டாபுவெர்கா மலையில எல் போர்த்தலோன்னு ஒரு குகை, அங்க கிடைச்ச 8 பேரோட எலும்பை உப்சாலா பல்கலைக்கழகக் குழு ஆராய்ஞ்சு 2015-ல முடிவை வெளியிட்டாங்க. அவங்க 5,500-ல இருந்து 3,500 வருஷம் முன்னாடி வரைக்கும் அங்க வாழ்ந்த விவசாயிங்க, இன்னைக்கு இருக்கற ஆட்கள்ல அவங்களுக்கு ரொம்ப நெருக்கமா வந்தது பாஸ்க் மக்கள்தான். விவசாயிங்கன்னா அவங்க மூதாதைங்க அனத்தோலியா (இன்னைய துருக்கி) பக்கத்துல இருந்து தலைமுறை தலைமுறையா மேற்க நகர்ந்து சுமார் 7,500 வருஷம் முன்னாடி ஐபீரியாவுக்கு (ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கற தீபகற்பம்) வந்து, அங்க இருந்த வேட்டைக்காரங்களோட கலந்தவங்க. ஆக குகை ஓவியக்காரங்க ரத்தம் பாட்டிகிட்ட கொஞ்சம் இருக்கு, பெரும்பங்கு வந்து குடியேறின விவசாயிங்களோடது.

அதோட முடியல. 2019-ல ஐபீரியாவுல இருந்து மட்டும் 271 பழைய மனுஷங்களோட ஜீனோமை வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு. சுமார் 4,500 வருஷம் முன்னாடியில இருந்து, கருங்கடலுக்கு வடக்க இருக்கற புல்வெளிப் பக்கத்து வம்சாவளி உள்ளவங்க ஐபீரியாவுக்குள்ள வர ஆரம்பிக்கறாங்க, 4,000 வருஷம் முன்னாடிக்குள்ள அங்கத்து ஜீன்ல 40 சதவீதம் மாறிடுது, ஆம்பளைங்க வழியா மட்டும் வர்ற ஒய் குரோமோசோமைப் பார்த்தா கிட்டத்தட்ட மொத்தமும் புதுசு. பாஸ்க் நாடும் இதுக்கு விலக்கு இல்ல, இன்னைக்கு பாஸ்க் ஆம்பளைங்கள்ல மிகப் பெரும்பாலானவங்க சுமக்கறது அப்படி வந்த ஆர்1பிங்கற ஒய் குரோமோசோம் வகையைத்தான். அப்புறம் எதுல வித்தியாசம்னா, இரும்புக் காலத்துக்குப் பிறகு ஸ்பெயின்ல மத்தவங்களோட ரத்தத்துல ரோமானியர் காலத்துக் கலப்பு, வட ஆப்பிரிக்கக் கலப்புன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு சேர்ந்துச்சு, பாஸ்க் மக்கள்கிட்ட அது ரொம்பக் கம்மி. இரும்புக் காலத்து ஐபீரிய ஆள் ஒருத்தர் எப்படி இருந்திருப்பாரோ அந்த ஜீன் அமைப்பு பெருசா மாறாம இவங்ககிட்ட நிக்குது. கற்காலத்துல இருந்து தனியா இருந்தவங்கன்னு சொல்றதை விட, கடைசி 2,500, 3,000 வருஷமா அதிகம் கலக்காதவங்கன்னு சொல்றது சரி.

இப்போ பாருங்க, அப்பா வழி மொத்தமா மாறியிருக்கு, புல்வெளிப் பக்கத்துல இருந்து வந்த அலையோடதான் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் (லத்தீன், ஆங்கிலம், இந்தி எல்லாம் சேர்ந்த குடும்பம்) ஐரோப்பா பூரா பரவுச்சுன்னு இன்னைக்கு பெரும்பாலானவங்க ஏத்துக்கறாங்க, ஆனா இவங்க பேசற மொழி இந்தோ-ஐரோப்பியம் இல்ல. வந்த ஆம்பளைங்களோட பிள்ளைங்க அம்மா பேச்சையே பேசி வளர்ந்திருக்கலாம்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. என் மனசு அந்தப் பக்கம்தான் சாயுது, ஆனா எழுத்தே இல்லாத காலம், அதனால இதை ஆய்வேட்டுல ஒரு வரியில 'இருக்கலாம்'னு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

மொழிக்கு வருவோம், கையில தொட்டுப் பார்க்கற ஆதாரம் இருக்கறது இங்கதான். ஜூலியஸ் சீசர் 'கால்' (Gaul, இன்னைய பிரான்ஸ் பக்கம்) நாட்டைப் பத்தி எழுதறப்போ ஆரம்பத்துலயே சொல்லிடறார், கரோன் ஆத்துக்கு அந்தப் பக்கம், அதாவது இன்னைய தென்மேற்கு பிரான்ஸ்ல இருக்கற அக்கித்தானியர் மொழியிலயும் வழக்கத்துலயும் சட்டத்துலயும் மத்த கால்காரங்களோட சேராதவங்கன்னு. அந்தப் பகுதியில ரோமானியர் காலத்துக் கல்லறைக் கல்லும் சாமிக்கு நேர்ந்துக்கிட்ட சின்னச் சின்ன பலிபீடமும் நிறைய கிடைச்சிருக்கு, வாசகம் எல்லாம் லத்தீன்தான், ஆனா பேர்கள் உள்ளூர்ப் பேர்கள், சுமார் 400 மனுஷப் பேரும் 70 தெய்வப் பேரும். அந்தப் பேர்களைப் படிங்க: கிசோன், நெஸ்காத்தோ, அந்தெரே, செம்பே. இன்னைக்கு எவுஸ்கராவுல கிசோன்னா ஆம்பளை, நெஸ்காத்தோன்னா சின்னப் பொண்ணு, அந்தெரேன்னா பெரிய வீட்டு அம்மா, செமேன்னா மகன். செம்பே எப்படி செமே ஆச்சுன்னா, நடுவுல இருந்த 'ம்ப' காலப்போக்குல 'ம' ஆகுது, அதே விதி பிள்ளைங்கற சொல்லுலயும் நடக்குது, ஓம்பே உமே ஆகுது. ஒரு மாற்றம் ஒரு சொல்லோட நிக்காம வரிசையா நடக்குது பாருங்க, மொழியியல்ல ஆதாரம்னு சொல்றது இதைத்தான். 1870-கள்லயே பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஆஷீல் லூஷேர் இதைக் கவனிச்சு எழுதிட்டார்.

பிரனீஸ் மலைக்குத் தெக்க நவார்ரால லெர்காங்கற ஊர்லயும் ஒரு கல்லறைக் கல் கிடைச்சிருக்கு, அதுல இருக்கற பேர் உம்மே சகார். உமே பிள்ளை, சகார் மூத்த, அதாவது பெரியவன். 1,800 வருஷம் பழைய கல்லுல இருக்கற இந்தப் பேரை உங்க ரூம்மேட்டுக்குக் காட்டுங்க, அகராதி இல்லாமயே அவனுக்குப் புரியும்.

இந்தப் பேர்களையும் பழைய கடன் சொற்களையும் வச்சு 2,000 வருஷத்துக்கு முந்தின பாஸ்க் மொழியோட ஒலியமைப்பை மறுபடி கட்டி எழுப்பினவர் கோல்தோ மிச்செலேனா. 1915-ல கிபுஸ்கோவாவுல எர்ரென்தேரியாவுல பிறந்தவர், உள்நாட்டுப் போர்ல பிடிபட்டு மரண தண்டனை விதிச்சு அப்புறம் அதைக் குறைச்சாங்க, வருஷக்கணக்கா ஜெயில்ல இருந்துட்டு வந்து 1961-ல பாஸ்க் ஒலி வரலாறு பத்தி அவர் வெளியிட்ட புத்தகம்தான் இன்னைக்கும் அடித்தளம். உங்க டிபார்ட்மென்ட் லைப்ரரியில கண்டிப்பா இருக்கும், ஸ்பானிஷ் கஷ்டமா இருந்தாலும் உட்கார்ந்து படிங்க.

ரோமானியன் கால் வைக்கலன்னு பாட்டி சொன்னது மட்டும் சரி இல்ல. பம்ப்லோனா ஊரோட பேரே போம்பேய்ங்கற ரோமானியத் தளபதி பேர்ல இருந்து வந்தது. இருன்ல ஒயாஸ்ஸோங்கற ரோமானியத் துறைமுகத்தைத் தோண்டி மியூசியமே வச்சிருக்காங்க. மொழியும் அதையே சொல்லுது: சமாதானத்துக்கு பாஸ்க் சொல் பாகே, லத்தீன் பாக்கெம்ல இருந்து வந்தது. பின்னாடி லத்தீன்ல அந்த இடத்துல இருந்த க-ஒலி மாறிடுச்சு, அதான் ஸ்பானிஷ்லயும் பிரெஞ்சுலயும் அந்தச் சொல்லுல க கிடையாது. பாஸ்க்ல க அப்படியே இருக்குன்னா ஒலி மாறறதுக்கு முன்னாடியே, ரோமானியப் பேரரசு நடக்கறப்பவே வாங்கிட்டாங்கன்னு அர்த்தம். ராஜா, சட்டம், புத்தகம், கோட்டை, சர்ச், இது எல்லாத்துக்கும் அவங்க சொல் லத்தீன்ல இருந்து வந்ததுதான். ரோமானியர் வந்தும், வரி வாங்கியும், ரோடு போட்டும் மொழி பிழைச்சிருக்கு, யாருமே வராத ஊர்ல பிழைக்கறதை விட இது எவ்வளவு பெரிய விஷயம்!

கற்காலத்துக்கு ஆதாரமா பாட்டி பக்கத்துல இன்னொண்ணும் சொல்லுவாங்க. கோடரிக்கு அய்ஸ்கோரா, மண்வெட்டிக்கு அய்ட்சுர்ங்கறாங்க, பாறைக்கு அய்ட்ஸ், அப்போ கல் ஆயுதக் காலத்துச் சொல் இன்னும் உயிரோட இருக்குங்கற வாதம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பாறைங்கற சொல்லுக்கு முன்னாடி ஹ-ஒலி இருக்கு, ஹ-வை இன்னும் உச்சரிக்கற பிரான்ஸ் பக்கத்து வழக்குல அது ஹைட்ஸ், கருவிப் பேர்கள்ல பொதுவா அந்த ஹ இல்ல. கோடரிச் சொல் லத்தீன் அஸ்கியோலாவுல இருந்து வந்திருக்கணும்னு பெரும்பாலானவங்க ஏத்துக்கறாங்க.

இன்னும் ஒரு எச்சரிக்கை, நீங்க இருக்கற ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல இருக்கற இருஞா-வெலேயாங்கற பழைய ரோமானிய ஊர் சம்பந்தமா. 2006-ல அங்க ரோமானியர் காலத்து ஓட்டுச் சில்லுகள்ல பாஸ்க் வாக்கியமே கிடைச்சிருக்குன்னு அறிவிச்சாங்க, நாடே கொண்டாடுச்சு. 2008-ல நிபுணர் குழு உட்கார்ந்து பார்த்தா அந்தக் காலத்துல இருக்கவே முடியாத சொல் வடிவங்கள், எழுதின முறையும் நவீனமானது, போலின்னு சொல்லிட்டாங்க, 2020-ல கோர்ட் தண்டனையும் கொடுத்துடுச்சு. அந்த ஏமாற்றம் மக்களை எவ்வளவு பாதிச்சிருக்குன்னு நீங்க அங்க யார்கிட்ட பேசினாலும் தெரியும். அதனாலதான் 2021-ல நவார்ரால இருலேகி மலைக்கோட்டையில வெண்கலத் தகட்டுல செஞ்ச ஒரு கை கிடைச்சப்போ, 2022 நவம்பர் வரைக்கும் பொறுத்துப் பரிசோதிச்சுட்டுத்தான் வெளிய சொன்னாங்க. அது கி.மு. 1-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது, உண்மையானது. அதுல முதல் சொல்லை சோரியோனெக்குன்னு படிச்சு, இன்னைக்கு அதிர்ஷ்டத்தைக் குறிக்கற சோரியோனெக்கோவோட சேர்த்தாங்க. மத்த சொற்கள் இன்னைய பாஸ்க்கோட அப்படி ஒட்டல, முதல் சொல்லோட வாசிப்புலயும் இப்போ வாதம் நடக்குது. அந்தக் காலத்துல நவார்ரா பக்கம் இருந்த வஸ்கோனியர் தங்களுக்குன்னு ஒரு எழுத்து வடிவம் வச்சிருந்தாங்கங்கறதுதான் எனக்கு அதுல பெரிய செய்தி.

ரூம்மேட் பிஸ்காயாக்காரன்னு சொன்னீங்க, அவனுக்கு ஆச்சரியமா இருக்கப்போற விஷயம் ஒண்ணு இருக்கு. ரோமானியர் காலத்துல பிஸ்காயா, கிபுஸ்கோவா, அராபா பக்கம் கிடைக்கற கல்வெட்டுப் பேர்கள்ல பெரும்பாலானவை இந்தோ-ஐரோப்பிய சாயல்லதான் இருக்கு. பாஸ்க் பேர்கள் குவிஞ்சு கிடைக்கறது கிழக்க, அக்கித்தானியாவுல. இதனால எவுஸ்கரா மேற்க பரவினது ரோமானியப் பேரரசு விழுந்த பிறகுதான்னு ஒரு சாரார் சொல்றாங்க. இன்னொரு சாரார் அதெல்லாம் இல்ல, மேற்கிலயும் முன்னாடியே இருந்துச்சுங்கறாங்க. வழக்குகள் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரம் விலகிப் போகாததால, எல்லாத்துக்கும் பொதுவான ஒரு பாஸ்க் 5, 6-ம் நூற்றாண்டு பக்கம் இருந்திருக்கணும்னு மிச்செலேனாவே சொல்லியிருக்கார்.

சரி, சித்தப்பா வீடியோ. இது புதுசு இல்ல, 1957-லயே நிக்கோலா லாஹோவாரிங்கறவர் பாஸ்க்கையும் திராவிட மொழிகளையும் சேர்த்துப் புத்தகமே போட்டார். தமிழ் மட்டும் இல்ல, ஜார்ஜிய மொழி, வட ஆப்பிரிக்காவோட பெர்பெர், பழைய ஐபீரிய மொழின்னு பாஸ்க்குக்கு சொந்தக்காரங்களைத் தேடாத இடம் இல்ல. ஐபீரிய எழுத்தை 1920-கள்ல ஸ்பானிஷ் ஆராய்ச்சியாளர் கோமேஸ்-மொரேனோ படிச்சுக் காட்டினதும், இனி பாஸ்க்கை வச்சு எல்லாம் புரிஞ்சுடும்னு காத்திருந்தாங்க, சத்தமா வாசிக்க முடிஞ்சுது, அர்த்தம் புரியல.

உங்க லிஸ்ட்ல என்ன குறைன்னா, அமா மாதிரி குழந்தை முதல்ல பேசற சொற்கள் உலகம் பூரா ஒரே மாதிரி இருக்கும், அதை எடுத்துடணும். மிச்சத்துல ஒலி ஒத்துப்போறது மட்டும் போதாது, மாறினாலும் ஒரே ஒழுங்குல மாறணும். தமிழ் பால் கன்னடத்துல ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பூ ஹூவு, பாருங்க ப போய் ஹ வர்றது எங்கயும் தப்பல, சொந்தம்னா இதுதான். உங்க 80-ல இப்படி ஒரு விதிக்கு நாலு சொல் நிக்குதான்னு தேடிப் பாருங்க, நிக்காது. பிரதிப்பெயரைப் பாருங்க, அது சுலபத்துல கடன் வாங்காத இடம்: நமக்கு நான், நீ, நாம், அவங்களுக்கு நி, ஹி, கு. அவங்க நி-ன்னா நான், நம்ம நீ கேக்க அப்படியே இருந்தாலும் எதிர்ல இருக்கற ஆள். வேற்றுமை உருபு ஒட்டறது ஒரே மாதிரி இருக்கேன்னு நீங்க கேக்கலாம். எச்செ வீடு, எச்செரா வீட்டுக்கு, எச்செத்திக் வீட்டிலிருந்து, ஆமா பார்த்தா சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா துருக்கி, ஃபின்னிஷ், ஜப்பான் மொழி எல்லாமே இப்படி ஒட்டும். அதே சமயம் பாஸ்க்ல அடிப்படையா இருக்கற ஒண்ணு நம்மகிட்ட இல்லவே இல்ல: ஆள் வந்தான்னா கிசோனா, ஆள் ரொட்டி தின்னான்னா கிசோனாக், செயப்படுபொருள் வந்ததும் எழுவாய்க்கு ஒரு 'க்' ஒட்டிக்குது. இந்தியில 'ராம் நே'ன்னு வர்ற நே ஓரளவு அந்த வேலையைச் செய்யுது, தமிழ்ல எந்தக் காலத்துலயும் கிடையாது.

உறவு இல்லன்னா தமிழுக்குக் குறைச்சல்னு நினைச்சுடாதீங்க. சுமார் 7.5 லட்சம் பேர் பேசற ஒரு மொழி, தன்னோட பழைய சொந்தங்கள் எல்லாம் அழிஞ்சும் தனியா நின்னு பிழைச்சு வந்திருக்கு, அதை நம்ம கிளைன்னு எழுதறது அவங்ககிட்ட இருக்கற ஒரே சொத்தைப் பிடுங்கற மாதிரி எனக்குப் படுது.

இப்போ உங்க டாபிக். ரெண்டு மொழியும் வெளியில இருந்து வந்த சொற்களைத் தன் வாய்க்கு ஏத்தபடி எப்படி மாத்துச்சுன்னு எழுதுங்க, ஒரு பக்கம் பாஸ்க்ல லத்தீன், இன்னொரு பக்கம் தமிழ்ல வடமொழி. சொல் முதல்ல ர வரக்கூடாதுன்னு ரெண்டு மொழியிலயும் இருக்கு. ரோம் நகரம் அவங்களுக்கு எர்ரோமா, நமக்கு உரோமாபுரி. ராஜாவைக் குறிக்கற ரேகெம் அங்க எர்ரேகே, நம்ம பக்கம் இராமன், இரத்தம். மெய் ரெண்டு சேர்ந்து வந்தா நடுவுல உயிர் போடறதும் உண்டு, லிப்ரும் அங்க லிபுரு ஆச்சு, சந்த்ர இங்க சந்திரன் ஆச்சு. உறவே இல்லாத ரெண்டு மொழி ஒரே சிக்கலை ஒரே மாதிரி தீர்த்திருக்கு, எங்க வித்தியாசமா தீர்த்திருக்குன்னும் பாருங்க. கொரோனா அங்க கொரோவா ஆகுது, ஹொனோரெம் ஒஹோரே ஆகுது, ரெண்டு உயிருக்கு நடுவுல இருந்த ன-வை விழுங்கிடறாங்க, நம்மகிட்ட அந்தப் பழக்கம் இல்ல. இந்த டாபிக்கை தமிழ் தெரிஞ்சவங்களால மட்டும்தான் செய்ய முடியும், அங்க இருக்கற கைடுக்கும் பிடிக்கும்னு நம்பறேன்.

வர்ற செமஸ்டர்லயே பக்கத்து எவுஸ்கால்தெகில, அதாவது பெரியவங்களுக்கு பாஸ்க் சொல்லிக் கொடுக்கற ஸ்கூல்ல சேர்ந்துடுங்க. அங்க கத்துக் கொடுக்கறது 1968-ல அரான்ட்சாசு கூட்டத்துல இருந்து உருவான பொது வழக்கு, பிஸ்காயா வழக்கு கொஞ்சம் வேற, அதுக்கு ரூம்மேட் பாட்டிகிட்ட பேசுங்க, அவங்க அனுமதியோட ரெக்கார்டும் பண்ணிக்கோங்க. டாபிக் ஓகே ஆனதும் முதல் 20 சொல்லுக்கு டேபிள் போட்டு எனக்கு அனுப்புங்க. லத்தீன் சொல்லை எழுதறப்போ அகராதியில இருக்கற எழுவாய் வடிவத்தைப் போடாதீங்க, இரண்டாம் வேற்றுமை வடிவத்தைப் போடுங்க, பாக்ஸ்னு இல்லாம பாக்கெம்னு, ஏன்னா பாஸ்க் வாய்க்குள்ள போனது அந்த வடிவம்தான்.